மாங்குளத்தில் ஏழு நிமிடம்

எங்கள் நகரங்களுக்கு அகலம் இல்லை,
நீளம்தான்.
ஏ-ஒன்பதை யாரேனும் சுருட்டி எடுத்துப் போனால்
கடைகளெல்லாம் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல்
நின்றுகொண்டிருக்கும்.
கிளிநொச்சியில் மஞ்சள் கடவையால் ஒழுங்காகக் கடப்பவை
மாடுகள் மட்டும்.

வவுனியாக் காணிக் கந்தோரில் வேலை, கிளிநொச்சியில் வீடு.
நாளுக்கு நாலு மணித்தியாலம்
நான் எந்த ஊரிலும் இல்லை.
அந்த நாலு மணித்தியாலத்துக்கு என்று
தனியாய் ஒரு பிரதேச சபை வேண்டும்.
எத்தனை பக்கத்துச் சீட்டுகளுக்குச் சொல்லிவிட்டேன்.

சீ.ரி.பி.யா தனியாரா என்று கேட்காதீர்கள்.
இரண்டிலும் யன்னல் பாதிதான் திறக்கும்.
றெயில் நல்லதுதான்,
எனக்கு வேண்டிய நேரத்தை விட்டு
மற்ற எல்லா நேரத்திலும் வரும்.

இன்றைக்கு ஓமந்தை தாண்டியதும்
கொண்டக்டர் எழில்வண்ணன்
ரிக்கற் கிழிக்காமல் போனைக் காதில் வைத்து நிற்கிறான்.
"எத்தினை? ஒண்டுக்கு ஒண்டோ?
என்ர பேர் பதிஞ்சுதானே கிடக்கு!"
புளியங்குளத்தில் கை காட்டிய இரண்டு பேரைத்
தூசியோடு விட்டுவிட்டு பஸ் பறந்தது.
பின்சீட்டுக்காரர் ஒருவர்:
"உவங்கட போட்டியில எங்களைக் கொல்லப்போறாங்கள்."
போட்டிதான் ஐயா.
பஸ்ஸுக்கு இல்லை, பந்துக்கு.

மாங்குளம்.
நேரக்காப்பாளர், குடை, மட்டை கிழிந்த கொப்பி.
"ஏழு நிமிசம். எட்டெண்டால் தண்டம்."
தெருவுக்கு அந்தப் பக்கம், கம்பிவேலிக்குப் பின்னால் மைதானம்.
நீலச் சட்டைகள் துள்ளித் துள்ளிக் கை அசைக்க
அவன் காசுப் பையைக் கழற்றி
என் மடியில் போட்டான்.
"அக்கா, பிடியுங்கோ. வாறன்."

ஏன் எனக்கு?
முன்னால் ஆம்பிளைகள் நாலு பேர் இருந்தார்கள்.
கணக்குப் பிசகாத முகம் என்று நினைத்தானோ,
ஓடிப்போக மாட்டாத வயது என்றோ.

பை கனத்தது. வார் அவன் வேர்வையில் ஈரம்.
மீன் பெட்டியோடு ஏறியவர் "இரணைமடு" என்றார்.
கிழித்தேன்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று, அரை ரிக்கற்.
கிழித்தேன்.
ஆயிரம் ரூபாத் தாளை நீட்டிய மனிசனிடம்
"சில்லறை இல்லையோ?"
பத்து வருசம் நான் வெறுத்த அதே குரல்,
என் வாயிலிருந்து.

பிறகு, யாரும் சொல்லாமலே எழும்பிப் போய்
மிதிபலகையில் நின்று கூப்பிட்டேன்:
முறிகண்டி, இரணைமடு, கிளிநொச்சி,
பரந்தன், ஆனையிறவு, பளை!
தினமும் கடக்கிற பெயர்கள்.
இவ்வளவு பலமாய் ஒருநாளும் சொன்னதில்லை.
ஆனையிறவுக்கு வாய் முழுதாய்த் திறக்க வேண்டும்.

வேலிக்கு அப்பால் பெனால்டி.
அஞ்சாவது உதை அவனுக்கு.
செருப்பைக் கழற்றினான், காற்சட்டையை மடித்தான்,
பந்தை வைத்தான், எடுத்தான், திரும்ப வைத்தான்.
யன்னலெல்லாம் தலைகள்.
கொல்லப்போறாங்கள் என்றவர்தான்
எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால்.
ஓடினான்.

குறுக்கே மணல் டிப்பர்.
அதன் பின்னால் இன்னொன்று.

கத்துகிற சத்தம் கேட்டது.
வென்றவர்களும் கத்துவார்கள், தோற்றவர்களும்.
தூசி அடங்கும்போது
அவன் தெருவைக் கடந்துகொண்டிருந்தான்,
கையில் ஒரு செருப்பு மட்டும்.

"என்ன நடந்தது? சொல்லுமன் தம்பி!"
பையை வாங்கித் தோளில் மாட்டினான்,
தகரத்தில் இரண்டு தட்டு, பஸ் உருண்டது.
தாள்களை விரலால் விசிறிப் பார்த்து
"இருபது ரூபா கூடுதக்கா.
ஆருக்கோ மிச்சம் குடுக்கேல்ல."

முறிகண்டியில் வழமைபோல நிறுத்தினார்கள்.
சாரதி தேங்காய் உடைத்தான், நாங்கள் கச்சான் வாங்கினோம்.
எழில்வண்ணன் வெறுங்காலோடு சூட்டில் நின்று
ஒவ்வொரு முகமாய்க் கேட்டுக்கொண்டு வந்தான்,
"உங்கட இருபதோ? உங்களின்ரயோ?"
யாரும் ஓம் என்று சொல்லவில்லை.
கிளிநொச்சியில் நான் இறங்கும்வரைக்கும்
அந்தத் தாள் அவன் விரலிடுக்கில் மடித்தபடி.